பாசாங்கென்றால் ஏமாந்தது யார்?

நடுவர் அவர்களே, எதிரே இருக்கிற அண்ணன்மாரே, அக்காமாரே, வேலை முடிந்த களைப்போடும் வந்து இருக்கிற எங்கட சனமே, எல்லாருக்கும் வணக்கம்.

கடவுள் நம்பிக்கை இல்லாத இளையவர்கள் வழிபாட்டுக்குப் போய்ப் பார்ப்பது தேடலா, பாசாங்கா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் அண்ணன் அருமையாகப் பேசினார், நானும் கைதட்டினேன். அவர் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: நம்பிக்கை இருந்தால் போ, இல்லையென்றால் வீட்டில் இரு, நடுவில் நிற்கிறவன் சாமியையும் ஏமாற்றுகிறான், சனத்தையும் ஏமாற்றுகிறான்.

அந்த நடுவில் நிற்கிற ஆள் நான்தான் நடுவர் அவர்களே. எங்கள் வீடு மட்டக்களப்பில், கண்ணகி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், வைகாசிச் சடங்கும் அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்தியும் பார்த்து வளர்ந்த வீடு. கடவுள் இருக்கிறார் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல ஏலாது. வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேரவில்லை, ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆனால் ஞாயிறு காலையில் கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் புளியந்தீவுக்குப் போய், இங்கிலாந்துச் சபை வழிவந்த அங்கிலிக்கன் கோயிலில் பின் வாங்கில் இருந்துவிட்டு வருகிறேன். அதனால் இன்றைக்கு நான் பேசுவது புத்தகத்தில் படித்துவிட்டு வந்த பேச்சு இல்லை.

முதலில் இந்த 'ஏமாற்று' என்ற சொல்லை எடுப்போம். பாசாங்கு என்றால் ஒருவர் ஏமாற வேண்டும். இங்கே ஏமாந்தவர் யார்? முதல் நாளே அங்கிருந்த ஃபாதரிடம் போய் "ஃபாதர், நான் நம்புகிற ஆள் இல்லை, சும்மா இருந்து பார்க்கலாமா?" என்று கேட்டேன். "வாங்க, இருங்க, எழும்பத் தோணுற நேரம் எழும்புங்க, இல்லாட்டி இருங்க" என்றார். வேறு கேள்வி இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா நான் ஜெபப் புத்தகத்தில் பக்கம் தேடித் தடுமாறுவதைப் பார்த்துவிட்டுத் தன்னுடைய புத்தகத்தையே என் கையில் தந்து, "இந்தா மனே, இதில நிற்குது" என்று வரியில் விரலை வைத்துக் காட்டினார். அந்த விரல் வழிபாடு முடியும்வரைக்கும் எனக்காக வரி வரியாக நகர்ந்தது. புத்தகம் இல்லாமலே அவருக்கு எல்லாம் பாடம், எனக்காகத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் விசுவாசப் பிரமாணம் வந்தது. எல்லாரும் எழும்பி "விசுவாசிக்கிறேன்" என்று தொடங்குகிற இடம். நான் எழும்பி நின்றேன், வாயைத் திறக்கவில்லை. நம்பாததை நம்புகிறேன் என்று சொன்னால்தானே பொய்? ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து நேரம் வந்தது. அது ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு. மற்றவர்கள் முன்னால் போய்க் கைகளை நெஞ்சில் குறுக்கே வைத்து நின்றால் குருவானவர் அப்பம் கொடுக்காமல் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார், விருப்பமில்லாவிட்டால் இருந்த இடத்திலேயே இருக்கலாம். கவனியுங்கள் நடுவர் அவர்களே, கோடு எங்கே என்று அந்தச் சபைக்கே தெரியும். இருந்து கேட்பதற்கு ஒரு வாசல், உறுதிமொழி எடுப்பதற்கு இன்னொரு வாசல். முதலாவதில் நிற்கிறவனை இரண்டாவதில் களவாக நுழைந்தவன் என்று எதிரணி எப்படிச் சொல்லலாம்?

இந்தச் சபையின் வரலாறும் எனக்குக் கைகொடுக்கிறது. எதிரணி அக்கா சொன்னார், இது இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றி கல்யாணத்துக்காக உண்டாக்கிய சபை, வெள்ளைக்காரனோடு கப்பலில் வந்த சபை என்று. அந்தக் கல்யாண வழக்கில்தான் ரோமோடு முறிந்து 1534இல் அரசனே சபைக்குத் தலைவனானான், உண்மை. ஆங்கிலேய ஆட்சியின் கீழ்தான் அது இங்கே வேரூன்றியது, அதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் கதை அங்கே நிற்கவில்லையே. 1549இல் பொது ஜெபப் புத்தகம் வந்தது. இங்கிலாந்தில் மதத்துக்காக ஒருவரையொருவர் கொழுத்திக்கொண்டு இருந்த காலம் அது. எல்லாரும் ஒரே இடத்தில் கூடி ஒரே சொற்களில் ஜெபிக்கட்டும் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் ஏற்பாடு. பின்னால் முதலாம் எலிசபெத் அரசியைப் பற்றி எழுதிய பிரான்சிஸ் பேக்கன், மனிதரின் நெஞ்சுக்கு ஜன்னல் வெட்டி உள்ளே பார்க்க அரசிக்கு விருப்பமில்லை என்று எழுதிவைத்தார். அதே அரசியின் காலத்தில், 1559ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஞாயிறு கோயிலுக்கு வராதவருக்கு 12 பென்ஸ் தண்டம்! உடம்பு வந்தாக வேண்டும், நெஞ்சை விட்டுவிடுவோம் என்ற மாதிரி. இன்றைக்கு அந்தத் தண்டம் போய்விட்டது. நெஞ்சை நோண்டாத பழக்கம் மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தில்தான் என்னைப் போன்றவனுக்கு இருக்க இடம் கிடைக்கிறது.

அடுத்தது, பேய், அற்புதக் கதைகளைச் சோதித்த பகுத்தறிவாளர் கோவூரை எதிரணி கொண்டுவந்தது. பகுத்தறிவு என்றால் ஆபிரகாம் கோவூரைப் போலத் துணிந்து வெளியே நிற்க வேண்டுமாம். கோவூர் பெயரைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் அவர் எங்கள் அணிக்குத்தான் சாட்சி. அவர் கேரளத்தில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர், யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்ட் சபை நடத்திய மத்திய கல்லூரியில் படிப்பித்தவர். பேய் வீடு என்றால் அந்த வீட்டுக்கே போனார். ஆவி வருகிறது என்றால் பக்கத்திலேயே இருந்து பார்த்தார். ஏமாற்று இல்லாத நிலைமையில் அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன் என்று 1963இல் சவால் விட்டாரே, செய்து காட்டுங்கள், நான் பார்க்கிறேன் என்பதுதானே அந்தச் சவாலின் பொருள்? போய்ப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்வதை அந்த மனிசன் வாழ்நாளில் ஒருநாளும் பகுத்தறிவு என்று ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். நான் அங்கே அற்புதத்தைச் சோதிக்கப் போகவில்லை, அது வேறு. ஆனால் மனிதர் ஏன் கிழமைக்குக் கிழமை இப்படிக் கூடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள, கூடுகிற இடத்துக்குப் போகத்தான் வேண்டும்.

"ஆக்களோடு பழகத்தானே ஆசை, விளையாட்டுக் கழகத்துக்குப் போகலாமே" என்று ஒரு அண்ணன் கேட்டார். கழகத்துக்கும் போகிறேன் அண்ணன், பின்னேரத்தில் பந்தடிக்கிறேன். அங்கே எல்லாரும் என் வயது, கதையெல்லாம் வெளிநாடு, வேலை, மோட்டார் சைக்கிள். கோயிலில் எனக்கு முன் வாங்கில் பல்லில்லாத அப்பு, பக்கத்தில் அழுகிற கைக்குழந்தை, பின்னால் சோதனைக்குப் படிக்கிற பிள்ளை. வருத்தமாகக் கிடக்கிறவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி எல்லாரும் அந்தப் பெயரை நினைக்கிறார்கள். முடிந்த பிறகு பிளேன்டீ குடிக்கிற நேரம், அந்தப் பெயருக்குரிய வீட்டுக்கு இந்தக் கிழமை யார் சாப்பாடு கொண்டுபோவது என்று பேச்சு நடக்கிறது. நம் கழகத்தில் ஒரு பெடியன் காலை முறித்துக்கொண்டு கிடந்தால் ஒருநாள் போய்ப் பார்ப்போம், பிறகு மறந்துபோவோம். மறக்காமல் இருப்பதற்கு அவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறையைக் கற்றுக்கொள்ளக் கடவுள் நம்பிக்கை முன்நிபந்தனையா?

இன்னொன்று சொல்ல வேண்டும், இது எனக்கு மிகவும் முக்கியம். பெரிய வெள்ளிக்கு, பைபிளில் இருக்கிற ஜெபப் பாட்டுகளில் ஒன்றான 88ஆம் சங்கீதத்தை வாசித்தார்கள். நான் நினைத்திருந்தது, பைபிள் என்றால் கடைசியில் ஆறுதல் வரும், தோத்திரம் வரும் என்று. இந்தச் சங்கீதத்தில் வரவில்லை. ஏன் என்னைத் தள்ளிவிட்டீர், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கடவுளிடமே சண்டை பிடிக்கிறது, என் ஆக்களை என்னிடமிருந்து எடுத்துவிட்டீர் என்று சொல்லி இருட்டில் முடிகிறது. வாசித்து முடித்தவர் விளக்கம் சொல்லவில்லை, சமாதானப்படுத்தவில்லை, இறங்கிப் போய் இருந்தார். கோயில் அப்படியே பேசாமல் இருந்தது. நடுவர் அவர்களே, இது மட்டக்களப்பு. காணாமல்போன பிள்ளையின் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு வீதியில் நின்ற தாய்மார் இருக்கிற ஊர். 2004 டிசம்பர் 26 ஒரே காலையில் சுனாமி கல்லடி, நாவலடிக் கரையை வழித்துக்கொண்டு போன ஊர். எங்கள் வீடுகளில் இதையெல்லாம் யாரும் வாய்விட்டுக் கதைப்பதில்லை. "விடு, நடந்தது நடந்துபோச்சு" என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். இங்கே ஒரு கூட்டம் சனம், கோபத்தைக் கோபமாகவே சத்தமாக வாசிக்கிறது. யாரிடம் வாசிக்கிறோம் என்பதில் அவர்களுக்கும் எனக்கும் கருத்து வேறு. வாசிக்க வேண்டும் என்பதில் வேறு கருத்து இல்லை.

2019ஐச் சொன்னீர்கள். சொல்லத்தான் வேண்டும். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, இதே நகரத்தில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, ஞாயிறு வகுப்புக்கு வந்த சின்னப் பிள்ளைகள் செத்தார்கள். அதற்குப் பிறகு மானமுள்ள இளைஞன் எந்த மதத்தின் பக்கமாவது போவானா என்று கேட்டீர்கள். அந்தக் கிழமையில் மதம் என்ற சொல்லே வேண்டாம் என்று ஒதுங்கினவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஒதுங்கி இருந்து நான் என்ன கண்டேன்? தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் பற்றி வாட்ஸ்அப்பில் வந்ததை மட்டும் வைத்துக் கதைப்பதைக் கண்டேன். ஒருவர் வாசலுக்கு ஒருவர் போகாத ஊரில் வதந்திக்குத்தான் வேலை. நம்பாதவன் ஒருவன் நம்புகிறவர்களின் நடுவில் பேசாமல் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வருவது, அந்த வதந்திக்கு எதிரான காரியம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மதமாற்ற வலை என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அந்தக் கோபம் எனக்கு விளங்கும். சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தோடு மதத்தையும் சேர்த்து நீட்டினார்கள் என்ற கதை கரையோரத்தில் இன்னும் இருக்கிறது, அப்படிச் செய்தவர்கள் செய்தது பிழை. என் அம்மாவும் அதைத்தான் முதலில் கேட்டார், "வேதத்துக்கு எழுதித் தந்திட்டியா?" என்று. எழுதித் தரச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை என்றேன். சேர விரும்புகிறவருக்கு வகுப்பு இருக்கிறது, ஞானஸ்நானம் இருக்கிறது, பிறகு ஆயர், அதாவது பிஷப், கைவைத்துத் திடப்படுத்துவார், எல்லாம் எல்லார் முன்னிலையிலும் நடக்கிற காரியம். இருட்டில் நடக்கிறது ஒன்றும் இல்லை. கண்ணகி அம்மனின் குளிர்த்திக்கு நான் இன்றைக்கும் தண்ணீர் அள்ளிக் கொடுக்கிறேன்.

நான் போகிற இதே அங்கிலிக்கன் சபையில், இலங்கைத் திருச்சபை என்பார்கள், குருநாகல் ஆயராக இருந்தவர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, சிங்களவர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, சிங்கள மக்கள் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தன் சனத்துக்கே வெளிப்படையாகச் சொன்னவர். அந்த ஆண்டு முடியுமுன்னே இறந்துபோனார். அப்படி ஒருவரை உருவாக்கிய வழிபாடு என்னவென்று அறிய விரும்புவது பாசாங்கா? வாரா வாரம் முழங்காலில் நின்று, செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டோம் என்று எல்லாரும் சேர்ந்து அறிக்கையிடுகிறார்கள். இந்த நாட்டில் எந்த மேடையில் அதைக் கேட்டிருக்கிறோம்?

கடைசியாக, "எத்தனை நாளைக்கு இப்படி? ஒரு முடிவு எடுக்க வேண்டாமா?" என்ற கேள்வி. மாற்கு சுவிசேஷத்தில் ஒரு தகப்பன் வருகிறான். வலிப்பு வருகிற மகனைக் கொண்டுவந்து, நம்புகிறேன், என் நம்பாமைக்கும் உதவி செய்யும் என்று ஒரே மூச்சில் கதறுகிறான். அரை நம்பிக்கையோடு வந்தவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார் என்றுதான் அந்தக் கதை போகிறது. கதை நடந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சபை கையில் வைத்திருக்கிற புத்தகமே முடிவெடுக்காதவனுக்கு நேரம் கொடுக்கிறது. எதிரணிக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்?

நடுவர் அவர்களே, ஃபாதருக்குத் தெரியும், அந்த அம்மாவுக்குத் தெரியும், என் அம்மாவுக்கும் தெரியும், இப்போது இந்த மண்டபத்துக்கே தெரியும். ஏமாந்தவர் என்று ஒரே ஒருவரை எதிரணி எழுப்பிக் காட்டட்டும், நான் என் கட்சியை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போய் உட்காருகிறேன். மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.