வணிகரின் கல்லறை

நண்பர்களே, இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குப் போகிறவர்களுக்குக் கதீட்ரல் வரிசையில் நிற்பதிலேயே பாதி நாள் கழிந்துவிடும். நான் பேச வந்தது, அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், கடைத்தெருக்களுக்கு நடுவே, சான் பங்கிராத்சியோ என்ற பழைய தேவாலயத்தை ஒட்டி ஒதுங்கி நிற்கும் ஒரு சிற்றாலயத்தைப் பற்றி.

உள்ளே போனால் கட்டடத்துக்குள் ஒரு கட்டடம். வெள்ளைப் பளிங்கும் கரும்பச்சைப் பளிங்கும் இழைத்த சின்னஞ்சிறு கல்லறை. தலைக்கு மேலே அல்லி மலர் வரிசை. அது ஃபிளாரன்ஸின் சின்னம். குனிந்துதான் வாசலில் நுழைய வேண்டும். கட்டச் சொன்னவர் ஜொவான்னி ருச்செல்லாய், துணி வியாபாரத்தில் கொழித்த குடும்பத்துக்காரர். வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் லியோன் பத்திஸ்தா ஆல்பெர்ட்டி. வாசலுக்கு மேலே 1467 என்று ஆண்டு பொறித்திருக்கிறது.

எருசலேமில் இயேசுவை வைத்த கல்லறையின் சாயலில் கட்டினார்கள். ஆனால் ஆல்பெர்ட்டி அச்சு அசலாக நகல் எடுக்கவில்லை. சுவர் முழுக்க வட்டமும் நட்சத்திரமுமாகப் பளிங்கில் பதித்த கோலங்கள்; ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. சிலவற்றில் குடும்பச் சின்னங்கள். ஃபிளாரன்ஸில் கோலோச்சிய மெடிச்சி குடும்பத்தின் சின்னமும் உண்டு. ஏன் இருக்காது? லொரென்சோ மெடிச்சியின் சகோதரி இந்த வீட்டு மருமகள் ஆயிற்றே!

இந்த ருச்செல்லாய் அடக்கமான ஆளா? இல்லவே இல்லை. சில தெருக்கள் தள்ளியிருக்கும் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தின் முகப்பை முடித்துக் கொடுத்தவரும் இவர்தான். ஊரே படிக்கும்படி அதன் உச்சியில் தன் பெயரை 1470 என்ற ஆண்டோடு பொறித்துக்கொண்டார். இங்கேயோ அவர் பெயர் வாசல் பலகையோடு சரி. கல்லறையைச் சுற்றி ஓடும் பெரிய எழுத்துகள் மாற்கு சுவிசேஷத்தின் வார்த்தைகள்: "அவர் உயிர்த்தெழுந்தார், அவர் இங்கேயில்லை." தெருவுக்குக் காட்ட ஒரு முகம், கடவுளுக்குக் காட்ட ஒரு முகம். என் கணிப்பில் இரண்டாவதுதான் நேர்மையான கட்டடம்.

1808இல் சான் பங்கிராத்சியோ தேவாலயத்தை மூடினார்கள். அதற்கும் சிற்றாலயத்துக்கும் இடையில் இருந்த தூண்களைப் பெயர்த்துத் தேவாலய முகப்புக்குக் கொண்டுபோனார்கள். தூண்கள் இருந்த இடத்தில் சுவர் எழும்பியது. தேவாலயத்துக்குள் நெப்போலியன் காலத்து லாட்டரி அலுவலகம் வந்தது, பின்னாளில் புகையிலைத் தொழிற்சாலை. 1988 முதல் சிற்பி மரினோ மரினியின் அருங்காட்சியகம். இதில் ஒரு வேடிக்கை: ருச்செல்லாயின் சின்னம் காற்றில் புடைத்த கப்பல் பாய், அதிர்ஷ்ட தேவதையின் பாய். சுவருக்கு அந்தப் பக்கம் லாட்டரி, இந்தப் பக்கம் பளிங்கில் அதிர்ஷ்டப் பாய். வியாபாரி கேட்டிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்.