தலைக்கு மேல் ஓர் அடுப்பு

வணக்கம் நேயர்களே. இன்று இரவு ஒன்பது மணிக்கு ஒரு காரியம் செய்து பாருங்கள். மாடிப் படுக்கையறையில் கட்டில் மேல் ஏறி நின்று உள்ளங்கையைச் சீலிங்கில் வையுங்கள். பிறகு அதே கையை உள்சுவரில் வையுங்கள். சுவர் சும்மா இருக்க, சீலிங் மட்டும் அடுப்பை அணைத்த தோசைக்கல் மாதிரி இருந்தால், ஏர்கோனைத் திட்டாதீர்கள். அது பாவம், மேலே இருக்கிற அடுப்போடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறது.

கோலாலம்பூரில் கூரை, சீலிங் வேலை பார்க்கிறவன் நான். "அண்ணே, ஒன்றரை எச்பி ஏர்கோன் பத்தவில்லை, இரண்டு எச்பி மாட்டலாமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கூரைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஓடு, அதற்குக் கீழே வெறும் காற்று, அப்புறம் மெல்லிய சீலிங் பலகை. அவ்வளவுதான்.

நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் மூன்று பாகையில். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் மதியம் ஒன்றேகால் மணிக்குச் சூரியன் நேர் உச்சந்தலையில் நிற்கும். டெரஸ் வீட்டில் இரண்டு பக்கச் சுவரும் அண்டை வீட்டோடு ஒட்டியவை. அதனால் வெயிலை வாங்குவது கூரைதான். சூடேறிய ஓடு அந்தச் சூட்டைக் கதிராகக் கீழே இறக்குகிறது, இரவு வரைக்கும்.

அதைத் தடுக்கத்தான் ஓட்டுக்குக் கீழே அலுமினியப் படலம் விரிக்கிறோம். பளபளப்பான அலுமினியம் தன்மேல் படும் வெப்பக் கதிரில் 95 சதவீதம் வரை திருப்பி அனுப்பிவிடும். ஆனால் ஒன்று, பளபளப்புப் பக்கத்துக்கு முன்னால் ஓர் அங்குலமாவது காற்றிடைவெளி வேண்டும். அந்தப் பக்கம் எதோடாவது ஒட்டிக்கொண்டால் அது வெறும் உலோகத் தகடு. சூட்டை அப்படியே கடத்தும். பளபளப்பு கீழ்நோக்கி இருப்பது நல்லது, அது சூட்டைக் கீழே கதிராக அதிகம் விடாது. மேல்நோக்கி வைத்தால் கொஞ்ச காலத்தில் தூசி படிந்து மங்கிவிடும்.

சீலிங்குக்கு மேல் ராக்வூல் என்கிற பாறைப் பஞ்சு அல்லது கண்ணாடிப் பஞ்சு பரப்பலாம். உண்மையில் வேலை செய்வது பஞ்சு இல்லை, அதற்குள் அடைபட்ட காற்று. நான்கு அங்குலப் பஞ்சை இரண்டு அங்குலமாக அமுக்கித் திணித்தால் காசு போனதுதான் மிச்சம். சீலிங்கில் பதித்த குழிவிளக்குகளின் முதுகில் பஞ்சைப் போர்த்தாதீர்கள். சூடு வெளியேற வழியில்லாமல் தீப்பிடிக்கலாம்.

என் சொந்த வீட்டில் நான் செய்த கூத்தையும் சொல்கிறேன். குருவி கூடு கட்டுகிறதென்று இறவாரத்துக் காற்றுத் துளைகளை எல்லாம் பஞ்சால் அடைத்துவிட்டேன். இரவு பத்து மணிக்கும் மாடியில் இருக்க முடியவில்லை. உள்ளே வந்த சூட்டுக்குப் போக வழியில்லை. வீட்டுக்காரம்மா ஒரு வாரம் கீழே ஹாலில் படுத்தார். பஞ்சைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவலை அடித்தேன். குருவியும் வரவில்லை, வசவும் நின்றது.

சுவருக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டாம். மாலை வெயில் அடிக்கும் மேற்குச் சுவர் மட்டும்தான் தொல்லை. வெளிப்பக்கம் வெளிர்நிற வண்ணம், ஒரு நிழல்தட்டி, அல்லது நாலு வாழை.

அக்காள் மகன் டொரோண்டோவில் இருக்கிறான். அவன் வீட்டில் நிலவறைக்கும் பஞ்சு, சுவரின் உள்பக்கம் பிளாஸ்டிக் தாள். "மாமா, நம் ஊரிலும் இப்படிச் செய்யலாமே" என்றான். அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று வெளியே போகப் பார்க்கும். இங்கே தலைகீழ். வெளியே இருக்கும் ஈரக்காற்றுதான் ஏர்கோன் அறையைத் தேடி உள்ளே வருகிறது. உள்பக்கம் பிளாஸ்டிக் ஒட்டினால் அதன் முதுகில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ஏர்கோன் அறையில் ஒட்டிய வினைல் சுவர்த்தாளின் ஓரத்தைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள், பின்னால் கறுப்புப் பூஞ்சணம் தெரியலாம். நிலவறை நம் வீடுகளில் அநேகமாக இல்லை. தரை தானே குளிர்ச்சியாக இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

வேலைக்குக் கூரைக்குள் ஆள் ஏற்றும்போது மெயின் சுவிட்சை அணையுங்கள். ஆஸ்திரேலியாவில் 2009, 2010இல் அரசு மானியத்தில் வீடு வீடாக இந்த வேலை நடந்தபோது நான்கு இளைஞர்கள் இறந்தார்கள். படலத்தை அடித்த உலோக ஊசி மின்கம்பியைத் துளைத்ததும் ஒரு காரணம். ஒருவர் சூடு தாங்காமலே இறந்துபோனார். நம் ஊர்க் கூரையும் லேசானதல்ல. அதனால் காலை ஏழரைக்கு ஏற்றி, பத்தரைக்குள் இறக்கிவிடுங்கள். முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். பழைய வீட்டு சீலிங் அஸ்பெஸ்டோஸாக இருந்தால் அறுக்கவோ உடைக்கவோ விடாதீர்கள்.

அப்புறம், சீலிங் மூடியைச் சாத்துவதற்கு முன் கைப்பேசியில் நாலு மூலையையும் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மூலையில் பஞ்சு விரிக்காமல் சுருட்டியபடியே கிடந்த வீட்டையும் நான் பார்த்திருக்கிறேன்.