பொருளைவிடப் பொழுதே பெருந்துணை

நடுவர் அவர்களுக்கும், விடுமுறை நாள் என்றும் பாராமல் மக்கள் மன்ற அரங்குக்கு வந்திருக்கும் அவையோருக்கும் வணக்கம். ‘புற்றுநோய் விழிப்புணர்வு இயக்கங்களுக்கு நாம் தரும் பெருந்துணை பொருளா, பொழுதா?’ என்பது தலைப்பு. பொழுதே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் பணத்தின் பெருமையை அழகாக அடுக்கினார். 1964ல் தொடங்கிய சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் நன்கொடையை நம்பித்தான் நடக்கிறது என்றார். உரிய தகுதி பெற்ற அறநிறுவனத்துக்கு 100 வெள்ளி கொடுத்தால் 250 வெள்ளியை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றார். இரண்டும் உண்மை. அந்தப் பணம் எங்கே போய் நிற்கிறது என்பதைத்தான் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

நான் சொல்கிறேன். 50 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அந்தச் சங்கம் ‘ஃபிட்’ சோதனைப் பெட்டியை இலவசமாகக் கொடுக்கிறது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் சோதனை அது. காசு கொடுத்தவர் கொடுத்துவிட்டார், பெட்டியும் வீடு வந்து சேர்ந்துவிட்டது. அப்புறம்? எத்தனையோ வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் அது மேசை இழுப்பறையிலேயே கிடந்து காலாவதியாகிறது. பெருங்குடல் புற்றுநோய் இங்கே ஆண், பெண் இருபாலரிடமும் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று. அப்படியிருந்தும், பரிந்துரைத்த கால இடைவெளியில் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வோர் உரிய வயதினரில் பாதிப் பேர்கூட இல்லை. இந்தக் குறை பணத்தால் வந்ததன்று. பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஆளில்லாமல் வந்த குறை.

எதை விளக்க வேண்டும்? பெட்டியில் இரண்டு குழாய்கள் இருக்கும். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடக் கூடாது, வெவ்வேறு நாளில் எடுக்க வேண்டும். ஏனென்றால் குடலில் உள்ள கட்டி தினமும் இரத்தம் கசிவதில்லை. மாதிரி எடுக்கும் முன் தண்ணீர் படவே கூடாது. கால் கழுவிப் பழகிய நம் வீட்டுப் பெரியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். கழிப்பறைக் கோப்பையில் தாளை விரித்து, அதன்மேல் விழுவதில் குச்சியின் நுனியை நாலைந்து இடத்தில் தேய்த்தால் போதும். நுனியிலுள்ள வரிப்பள்ளங்கள் நிறையும் அளவுதான் கணக்கு. நிறைய எடுத்தால் நல்லது என்று அள்ளிவைத்தால் சோதனையே பழுதாகிவிடும். மாதவிலக்கு நாள்களிலும், மூலத்தில் இரத்தம் போகும்போதும் எடுக்கக் கூடாது. தேதி எழுத மறந்தால் ஆய்வுக்கூடத்தில் சிக்கல். நம் ஊர் வெயிலில் வைத்திருந்தால் மாதிரியில் உள்ள இரத்தக்கூறு சிதைந்து, இருக்கும் நோயும் இல்லை என்று வந்துவிடும். அதனால் எடுத்ததும் தாமதிக்காமல் அஞ்சலில் சேர்த்துவிட வேண்டும். பத்தியம் எதுவும் கிடையாது. ஆட்டிறைச்சி சாப்பிட்டேனே என்று யாரும் அஞ்ச வேண்டாம், இது மனித இரத்தத்தை மட்டுமே கண்டறியும். இவ்வளவையும் ஒரு பாட்டியிடம் பொறுமையாகச் சொல்ல கால் மணி நேரம் ஆகும். ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கால் மணி நேரம், அவ்வளவுதான் நான் கேட்பது!

மார்பகப் பரிசோதனைக்கு வருகிறேன். 50 முதல் 69 வயதுவரை ஈராண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் என்னும் மார்பக ஊடுகதிர்ப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அக்டோபரில் இளஞ்சிவப்பு நாடா குத்திக்கொள்கிறோம், நல்லதுதான். ஆனால் நாடா குத்திய அக்காள், தயங்கி நிற்கும் அண்ணியைக் கைப்பிடித்து அழைத்துப் போனாரா? அன்று பவுடரும் வாசனைத் திரவியமும் பூசாதீர்கள், படத்தில் புள்ளியாகத் தெரியும் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். மேற்சட்டை தனியாக இருக்கும் உடையே வசதி. மாதவிலக்குக்கு முந்திய வாரத்தைத் தவிர்த்தால் வலி குறையும். கருவியை இயக்குபவர் பெண்தான். இந்த ஒரு செய்தி தெரியாமலேயே வீட்டில் இருந்துவிடும் பெண்கள் உண்டு. மறுபடி வரச் சொல்லிக் கடிதம் வந்தால் இடிந்துபோக வேண்டாம், அப்படி அழைக்கப்படுவோரில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. கடிதம் வந்த அன்று இரவு தொலைபேசியில் இதைச் சொல்ல ஒரு குரல் வேண்டும், நடுவர் அவர்களே.

தேக்கா பக்கம் வெற்றிலைபாக்கு மெல்வோரைப் பாருங்கள். மெல்லும் புகையிலை இங்கே தடைசெய்யப்பட்டது, அதனால் வெறும் பாக்கு ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறார்கள். புகையிலையே சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வாய்ப்புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லை என்றால் பல் மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ காட்டியாக வேண்டும். இதை ஆங்கிலச் சுவரொட்டி அவரிடம் சொல்லாது. தமிழ் பேசும் ஒருவர், மரியாதையாக, “அண்ணே, வாயைக் கொஞ்சம் காட்டிட்டு வந்துடுங்களேன்” என்று சொன்னால் அது அவரிடம் போய்ச் சேரும்.

‘ஹேர் ஃபார் ஹோப்’ என்னும் தலைமழிப்பு இயக்கத்தைத் தம் பக்கச் சான்றாகக் காட்டினார் எதிரணி நண்பர். சிறுவர் புற்றுநோய் அறநிறுவனம் 2003ல் தொடங்கியது அது. நிதி திரட்டுகிறது என்பது சரியே. ஆனால் காசோலை எழுதி அனுப்பிவிட்டு வீட்டில் இருந்திருக்கலாமே, ஏன் தலையை மழித்துக்கொள்கிறார்கள்? சிகிச்சையில் முடியிழந்த பிள்ளைக்கு ‘நீ தனியாள் இல்லை’ என்று காட்டத்தான். அங்கே பணத்துக்கு முன்னால் வந்து உட்காருவது ஆள்!

சரி, பணமே கொடுக்கிறீர்கள். அதற்கும் பொழுது வேண்டாமா? உண்டியல் நீட்டியவரிடமெல்லாம் போட்டுவிட்டு நகர்வது உதவியாகாது. வசூலிப்பவரிடம் உரிமத்தைக் கேளுங்கள். அறநிறுவனங்களுக்கான அரசு இணையத்தளத்தில் பெயரைத் தேடுங்கள். திரட்டும் தொகையில் நிதி திரட்டும் செலவு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இங்குள்ள விதி. கேள்வி கேட்கும் கொடையாளரால்தான் நல்ல இயக்கம் தழைக்கும்.

கடைசியாக ஒன்று. ஃபிட் சோதனையில் இரத்தம் இருப்பதாக முடிவு வந்தால், பெருங்குடலுக்குள் குழாய்க் கருவி செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்ய வேண்டும். பாலிப் என்னும் சிறுவளர்ச்சி புற்றாக மாறப் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் ஆகும். அதற்குள் கண்டால் அப்போதே வெட்டி எடுத்துவிடலாம், நோயே வராமல் தடுக்கலாம். ஆனால் கொலோனோஸ்கோப்பிக்கு முந்திய சில நாள்களுக்குக் கீரை, கொண்டைக்கடலை, விதையுள்ள காய் எல்லாவற்றையும் நிறுத்தி, வெள்ளைச்சோறு, முட்டை, மீன் என்று சமைத்துக் கொடுக்க வேண்டும். நீரிழிவு மாத்திரையையும் இரத்தம் உறையாதிருக்கும் மாத்திரையையும் என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். பேதி மருந்தைச் சொன்ன நேரத்தில், சொன்ன அளவு குடித்து முடிக்கவைக்க வேண்டும். பாதியில் விட்டால் குடல் சுத்தமாகாது, எல்லாம் மறுபடி முதலிலிருந்து. மயக்கமருந்து கொடுப்பதால் தனியாக வீடு திரும்ப விடமாட்டார்கள், வயதுவந்த ஒருவர் உடன் வர வேண்டும். தனியாக வாழும் முதியவர் பலர் இந்த ஒரு காரணத்துக்காகவே நாளைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்த அரை நாளுக்கு ஈடாக எவ்வளவு நன்கொடை எழுதலாம் என்று அடுத்துப் பேசவரும் எதிரணி நண்பர் கணக்குச் சொல்லட்டும், நடுவர் அவர்களே. வணக்கம்.