ஊர் வளருது சரி, வாடகை வளருதா?

வணக்கம் நேயர்களே. வேகமா வளர்ற ஒரு நகரத்துல வீடு வாங்கி வாடகைக்கு விட்டா லாபமான்னு பேசச் சொல்லி கூப்பிட்டிருக்காங்க. சொத்துக் கணக்கு பார்க்கறது என் தொழில், அதனால இந்தக் கேள்வி என்கிட்ட வராத வாரமே கிடையாது, கேக்கறவங்க ஆரம்பிக்கற விதமும் அநேகமா ஒண்ணுதான்: "சார், அந்தப் பக்கம் பயங்கரமா டெவலப் ஆகுது, பெரிய கம்பெனி வருது, மெட்ரோ வருது, இப்பவே ஒண்ணு வாங்கிப் போட்டுடலாமா?" நான் திருப்பிக் கேக்கறது, "அங்க காலி நிலம் எவ்வளவு கிடக்கு?" உடனே சந்தோஷமா பதில் வரும், "நிறைய கிடக்கு சார், அதனாலதானே சீப்பா கிடைக்குது!" சிக்கலே அங்கதான் இருக்கு.

ஏன்னா ஊருக்குள்ள ஆள் வந்துட்டே இருக்காங்கன்னா மட்டும் வாடகை ஏறிடாது, வர்ற ஆளைவிட வீடு கம்மியா இருந்தாதான் ஏறும். உங்க வீட்டைச் சுத்தி பொட்டல் காடா இருக்குன்னா, நாளைக்கு அந்த இடத்துலயெல்லாம் உங்களுக்குப் போட்டிதான் முளைக்கப் போகுது, அதுவும் உங்க வீட்டைவிடப் புதுசா, லிஃப்ட் பளபளன்னு, முதல் ரெண்டு மாசம் வாடகை வேண்டாம்னு ஆஃபரோட. அமெரிக்காவுல ஆஸ்டின்னு ஒரு நகரம், டெக்சாஸ் மாநிலத்துல. 2021, 2022 சமயத்துல கம்பெனிகளும் ஆட்களும் குவிஞ்சு வாடகை எகிறிப்போச்சு, அதைப் பார்த்த பில்டர்கள் எல்லாம் அங்க இறங்கிக் கட்டித் தள்ளினாங்க, அந்த அபார்ட்மெண்ட் எல்லாம் முடிஞ்சு கைக்கு வந்தப்போ, 2023ல இருந்து, வாடகை இறங்க ஆரம்பிச்சுடுச்சு. கவனிங்க, ஊரைவிட்டு ஜனம் ஓடல, ஊர் வளர்ந்துட்டேதான் இருந்துச்சு. வாடகைக்கு இருக்கறவங்களுக்கு அது நல்ல சேதி, ஆனா உச்சத்துல வாங்கின முதலீட்டாளருக்கு?

இன்னொரு விஷயம், இதை நிறையப் பேர் யோசிக்கறதே இல்ல. வீட்டு விலை வேற, வாடகை வேற, ரெண்டும் ஒரே வீட்டுக்குத்தான்னாலும் பணம் வர்ற இடம் வேற வேற. விலை ஏறணும்னா பேங்க் லோன் கொடுக்கணும், ஜனங்களுக்கு நம்பிக்கை இருக்கணும், அவ்வளவுதான், அடுத்த இருபது வருஷ சம்பாத்தியத்தையும் இன்னிக்கே விலையில கொண்டு வந்து கொட்டலாம். ஆனா வாடகையை யாரும் லோன் போட்டுக் கட்டறதில்ல, மாசச் சம்பளத்துல இருந்துதான் கட்டணும். சம்பளம் ஏறாம வாடகை ரொம்ப தூரம் தனியா ஓட முடியாது. அதனாலதான் ஒரு ஊர் சூடு பிடிக்கும்போது விலை முன்னாடி ஓடும், வாடகை பின்னாடி நடந்து வரும், வாங்கறவருக்குக் கிடைக்கற வருமான விகிதம் வருஷா வருஷம் சுருங்கும்.

சரி, கணக்குக்கு வருவோம், பேப்பர் பேனா இருந்தா எடுத்துக்குங்க. வீட்டு விலை 100ன்னு வச்சுக்குவோம், எந்த நாட்டுப் பணமா இருந்தாலும் சரி. வருஷ வாடகை 4. புரோக்கர் இதை "4 பர்சென்ட் ரிட்டர்ன்"ம்பார். ஆனா வருஷத்துல ஒரு மாசம் வீடு காலியா கிடந்தா 0.33 போச்சு. அப்புறம் சொத்து வரி, பராமரிப்பு, பெயிண்ட், மோட்டார் ரிப்பேர், இன்சூரன்ஸ், எல்லாத்துக்கும் வாடகையில அஞ்சுல ஒரு பங்கு, அதாவது 0.8. கையில நிக்கறது சுமார் 2.9. இதுல நீங்க அலையறதுக்குக் கூலி போடலை. வருமான வரியும் இன்னும் கழிக்கலை.

இப்போ சொந்தப் பணம் 20, லோன் 80, வட்டி 8 சதவீதம்னு வைங்க. முதல் வருஷ வட்டி மட்டுமே 6.4. வாடகையில வர்றது 2.9. மிச்சம் 3.5 உங்க பாக்கெட்டுல இருந்து போகணும், அசலுக்குக் கட்டறது தனி. "வாடகையிலயே ஈஎம்ஐ ஓடிடும்"னு சொல்றாங்களே, இந்த வாடகைக்கு இந்த வட்டியில அது ஓடாது, வேணும்னா வட்டியும் வாடகை விகிதமும் பக்கத்துல பக்கத்துல வர்ற ஊர்ல ஓடலாம். அப்போ லாபம் எங்கிருந்து வரணும்? விலை ஏற்றத்துல இருந்துதான். வருஷத்துக்கு 5 ஏறினா 3.5 போக 1.5 நிக்கும், சொந்தப் பணம் 20க்கு அது 7.5 சதவீதம், மோசமில்ல. ஆனா மூணு வருஷம் விலை அசையாம நின்னா? 10.5 கரைஞ்சிடும், போட்ட பணத்துல பாதிக்கு மேல. விலை ஒரு 20 சதவீதம் இறங்கினா சொந்தப் பணம் முழுசும் காலி.

"வீட்டு விலை எங்க சார் இறங்கும்"னு ஒருத்தர் கேட்டுட்டேதான் இருப்பார். ஃபீனிக்ஸ், லாஸ் வேகாஸ், ரெண்டும் அமெரிக்காவுல வேகமா வளர்ந்த நகரங்கள்னு பேர் வாங்கின ஊருங்க. 2006 வாக்குல உச்சத்துக்குப் போன விலை அடுத்த அஞ்சாறு வருஷத்துல பாதிக்கும் கீழ வந்துச்சு. வளர்ச்சிங்கற பேச்சை நம்பி எல்லாரும் கடன்ல வாங்கினதுதான் அந்த வீழ்ச்சியை அவ்வளவு ஆழமாக்குச்சு.

அப்போ வாங்கவே கூடாதான்னா, அப்படிச் சொல்ல வரல. நான் பார்ப்பேன்னா எதைப் பார்ப்பேன்னு சொல்றேன். ஊரோட ஓரத்தைவிட, கட்ட இடமில்லாம நெருங்கிப்போன பழைய ஏரியா எனக்குப் பிடிக்கும், ஆஸ்பத்திரி, காலேஜ், பஸ், ரயில் எல்லாம் ஏற்கெனவே ஓடிட்டு இருக்கற இடம், வரப்போகுதுன்னு பிளான்ல இருக்கற மெட்ரோவுக்கு நான் ஒரு பைசா கூட சேர்த்துக் கொடுக்க மாட்டேன். ஒரே ஒரு கம்பெனியை நம்பி நிக்கற ஏரியாவும் வேண்டாம், அந்தக் கம்பெனி ஆளைக் குறைச்சாலோ வீட்டுல இருந்தே வேலை பாருங்கன்னாலோ ஒரே மாசத்துல தெரு முழுக்க "வாடகைக்கு"ன்னு போர்டு தொங்கும். பெரிய வீட்டைவிட சின்ன வீடு பெரும்பாலும் விலைக்கேத்த வாடகை கூடத் தரும், ஆள் மாறறதும் அதுல ஜாஸ்தி, அதையும் சேர்த்து எண்ணிக்குங்க. அப்புறம் நேரா போய் நில்லுங்க, ராத்திரி எத்தனை ஜன்னல்ல லைட் எரியுதுன்னு பாருங்க, அங்க குடியிருக்கறவங்ககிட்ட இப்போ என்ன வாடகை கொடுக்கறாங்கன்னு கேளுங்க, விளம்பரத்துல போட்டிருக்கறது வீட்டுக்காரரோட ஆசை, கைமாறினது எவ்வளவுங்கறதுதான் உங்களுக்கு வேணும்.

குடியிருக்கறவர் பத்தி ஒரு கணக்கு, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு. மாச வாடகை 100. நல்ல மனுஷர், தேதி தவறாம கட்டறார். நீங்க 105 கேக்கறீங்க, அவர் காலி பண்ணிட்டார், வீடு ஒரு மாசம் சும்மா கிடந்துச்சு, அடுத்தவர் 105க்கு வந்தார். போன 100ஐ மாசம் 5, 5ஆ திருப்பி எடுக்க 20 மாசம் ஆகும். நடுவுல புரோக்கர் கமிஷன், பெயிண்ட்னு சேர்ந்தா இன்னும் இழுக்கும். ஏத்தவே கூடாதுன்னு இல்ல, கேக்கறதுக்கு முன்னாடி பக்கத்துல எத்தனை வீடு காலியா இருக்குன்னு ஒரு நடை நடந்து பாருங்க.

சட்டத்தையும் மறந்துடாதீங்க. வாடகை எகிறினா ஓட்டுப் போடறவங்க கோபப்படுவாங்க, அரசாங்கம் சும்மா இருக்காது. பெர்லின்ல 2020ல வாடகையை அப்படியே உறைய வச்சு ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, 2021 ஏப்ரல்ல ஜெர்மனியோட அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. செல்லாமப் போனாலும், நடுவுல அந்த ஒரு வருஷத்துக்கு மேல வீட்டுக்காரங்க போட்டு வச்சிருந்த கணக்கெல்லாம் என்ன பாடு பட்டிருக்கும்!

கடைசியா விக்கறது. ஷேர்னா காலையில வித்துடலாம், வீட்டுல சமையல்ரூமை மட்டும் தனியா விக்க முடியாது, வித்தா முழுசா விக்கணும், அதுக்கு மாசக்கணக்குல ஆகும், வாங்கும்போது பத்திரச் செலவு, விக்கும்போது கமிஷனும் வரியும். ஒரு அஞ்சு வருஷத்துக்குள்ள அந்தப் பணம் தேவைப்படும்னு தெரிஞ்சா இந்தப் பக்கமே வராதீங்க, கூடவே ஆறு மாச ஈஎம்ஐயைத் தனியா எடுத்து வச்சுட்டு அப்புறம் ஆஃபீஸ்ல போய் கையெழுத்துப் போடுங்க. வணக்கம்.