பட்டன் "ஓடுகிறது" என்கிறது, பாட்டைக் காணோம்! ஏவிபிளேயரின் உண்மை நிலையைப் பிடிப்பது எப்படி?

[திரையில்: பாஸ் ஐகான் தெரிகிறது, நேரம் 0:00-லேயே நிற்கிறது]

வணக்கம் நண்பர்களே! இந்த ஐபோன் ஆப்பைப் பாருங்கள். பாட்டு ஓடுவதாகப் பட்டன் சத்தியம் செய்கிறது, காதில் ஒன்றும் விழவில்லை. நெட் மெதுவாக இருப்பது வேறு விஷயம். பட்டன் பொய் சொல்வது முழுக்க நம் கோடின் கைங்கரியம்.

கதை சுருக்கமாக: ஆப்பிளின் ஏவிபிளேயரில், அதாவது ஆப்புக்குள் பாட்டையும் வீடியோவையும் ஓட்டும் பகுதியில், 'ரேட்' என்று ஒரு ப்ராப்பர்ட்டி உண்டு; என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்கிற மதிப்பு அது. பிளே சொன்னால் வழக்கமாக 1, பாஸ் சொன்னால் 0. பலரும் இதைப் பார்த்துத்தான் ஐகானை மாற்றுகிறார்கள். மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

[திரையில்: காலி வாழை இலை]

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துவிட்டீர்கள். இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று. அதற்காகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொல்ல முடியுமா? ரேட் 1 என்பது அந்த இலைதான். நீங்கள் கேட்டது அது, நடப்பது அல்ல.

2016-இல் ஐஓஎஸ் 10 கொண்டுவந்த 'டைம்கன்ட்ரோல்ஸ்டேட்டஸ்' உள்ளதைச் சொல்லும்: நின்றிருக்கிறது, காத்திருக்கிறது, ஓடுகிறது. பட்டனை இதோடு கட்டுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதன் தம்பி, 'ரீசன்ஃபார்வெயிட்டிங்டுபிளே'. ஏன் காத்திருக்கிறது என்று காரணமே சொல்லிவிடும்! முதல் காரணம், பாதியில் தடங்கலில்லாமல் ஓட பஃபர், அதாவது முன்கூட்டியே இறக்கி வைத்த டேட்டா, போதவில்லை. லோடிங் சக்கரத்தைச் சுற்றவிடுங்கள். இரண்டாவது, சாம்பார் வாளி, அதாவது டேட்டா, என்ன வேகத்தில் வருகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் சக்கரம் காட்டாதீர்கள் என்று ஆப்பிளே சொல்கிறது. கணக்கு முடிந்து சட்டென்று ஓடிவிட்டால், சக்கரம் மின்னி மறைவது அசிங்கமாக இருக்கும். மூன்றாவதுதான் உச்சம்: 'நோஐட்டம்டுபிளே'. சமையலே ஆரம்பிக்கவில்லை, ஆனாலும் மனிதர் இலை முன்னால் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்! காலி பிளேயரிடம் பிளே சொன்னால் இதுதான் கிடைக்கும்.

[திரையில்: கோட்]

சரி, கவனிப்பது எப்படி? ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில் 'அப்சர்வ்' என்று கூப்பிட்டு, கீபாத்தையும் (எந்த ப்ராப்பர்ட்டியைக் கவனிப்பது) ஒரு குளோஷரையும் (மாறினால் ஓட வேண்டிய கோடு) கொடுத்தால் போதும். 'இனிஷியல்' ஆப்ஷனையும் சேர்த்துவிடுங்கள்; இல்லையென்றால் அடுத்த மாற்றம் வரும்வரை இப்போதைய நிலை உங்களுக்கு வராது. திரையை மாற்றும் வேலை, திரையைக் கவனிக்கும் முதன்மை வரிசையான மெயின் த்ரெட்டில் நடக்கட்டும்.

அப்புறம், 'அப்சர்வ்' ஒரு டோக்கனைத் திருப்பித் தரும். "அன்யூஸ்டு ரிசல்ட்" என்று எக்ஸ்கோட் (நாம் கோட் எழுதும் ஆப்பிள் கருவி) மஞ்சள் எச்சரிக்கை காட்டுகிறதே என்று, அடிக்கோடு போட்டு அதைத் தள்ளிவிடாதீர்கள். டோக்கன் போனால் கவனிப்பும் போயிற்று. எரர் இல்லை, க்ராஷ் இல்லை, குளோஷர் மட்டும் மறுபடி கூப்பிடப்படாது. கிளாஸில் ஒரு ப்ராப்பர்ட்டியாகப் பிடித்து வையுங்கள். அந்தக் குளோஷருக்குள் செல்ஃபை (அந்த ஸ்கிரீனையே) வீக்காக, அதாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாமல், எடுங்கள், இல்லையென்றால் ஸ்கிரீனை மூடிய பிறகும் அது மெமரியில் குடியிருக்கும்.

ஆண்ட்ராய்டு நண்பர்களே, சிரிக்க வேண்டாம். ஆண்ட்ராய்டில் பாட்டை ஓட்டும் எக்ஸோபிளேயரின் 'பிளேவென்ரெடி'யை (தயாரானதும் ஓடு என்கிற கோரிக்கை) பார்த்து ஐகானை மாற்றினால் உங்களுக்கும் இதே இலைதான். உண்மையில் ஓடுகிறதா என்பது மாறும்போது சொல்லும் 'ஆன்இஸ்பிளேயிங்சேஞ்ச்டு' பக்கம் வாருங்கள்.

உங்கள் ஆப்பில் பட்டன் எதை நம்பி மாறுகிறது? கோடைத் திறந்து பார்த்துவிட்டு கமென்ட்டில் போடுங்கள். சப்ஸ்கிரைப் பட்டனுக்கு பஃபரிங் தேவையில்லை, உடனே அழுத்தலாம்!