3 + 4 * 2 எப்படி 14 ஆகும்?

சரி, அடுத்த கேள்வி. சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். பி.சி.ஏ. இரண்டாம் வருடமாம். "அண்ணா, ஜாவா புரோகிராம் மொழி ஓரளவு தெரியும். முழுக்க முழுக்க ஆப்ஜெக்ட் மொழி ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம் என்று ஸ்மால்டாக் ஆரம்பித்தேன், அதை எழுதி ஓட்டும் ஃபேரோ என்ற மென்பொருளை இறக்கினேன். 3 + 4 * 2 என்று போட்டால் 14 என்கிறது. நிபந்தனை பார்க்கும் இஃப், திரும்பத் திரும்ப ஓட்டும் ஃபார் எதையும் மொழியில் காணோம். நான் இன்ஸ்டால் செய்ததில் ஏதாவது தப்பா?"

தப்பே இல்லை தம்பி. 14 தான் வர வேண்டும். 11 வந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

ஆப்ஜெக்ட் என்றால் தன் தகவலையும் தனக்குத் தெரிந்த வேலைகளையும் சேர்த்து வைத்திருக்கும் ஒரு பொருள். ஜாவாவில் இன்ட் (முழு எண்), டபுள் (தசம எண்), பூலியன் (ஆம்/இல்லை) என்று எட்டு வகைகள் ஆப்ஜெக்ட் கிடையாது. 3 என்பது வெறும் எண். ஸ்மால்டாக்கில் அந்த 3-உம் ஒரு ஆப்ஜெக்ட். "+ 4" என்பது அந்த 3-க்கு நீங்கள் அனுப்பும் மெசேஜ். அது 7 என்ற ஆப்ஜெக்டைத் திருப்பித் தருகிறது. அடுத்த மெசேஜ் "* 2" அந்த 7-க்குப் போகிறது. ஆகவே 14. பெருக்கலுக்கு முன்னுரிமை என்பது பள்ளிக் கணக்கின் விதி. இங்கே + என்பதும் * என்பதும் மெசேஜின் பெயர்கள்தான், ஒன்றுக்கொன்று உசத்தி தாழ்த்தி இல்லை. இடமிருந்து வலம். 11 வேண்டுமென்றால் அடைப்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

முன்னுரிமை என்று மூன்றே படிதான் உண்டு. கூட எதையும் எடுத்துப் போகாத ஒற்றைச் சொல் மெசேஜ் முதலில், உதாரணத்துக்கு "5 ஃபாக்டோரியல்" (1 முதல் 5 வரை எல்லாவற்றையும் பெருக்கு). அப்புறம் +, *, > போன்ற குறிகள். கடைசியில், பின்னால் முக்காற்புள்ளி வைத்து எழுதும் மெசேஜ்கள். "2 ரெய்ஸ்ட்டூ: 3 + 1" என்றால் முதலில் 3 + 1, அது 4, பிறகு 2-இன் நான்காம் அடுக்கு, 16. இலக்கணத்தில் பாதி இதோடு முடிந்துவிட்டது. பொய் சொல்லவில்லை.

இப்போது இஃப் எங்கே என்பதற்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான். நம் ஊரில் சாயங்காலம் தட்டுவடை வண்டி முன்னால் நின்று "அண்ணா, ஒரு செட்" என்றால் என்ன வரும்? இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட், சட்னி. அதே "ஒரு செட்" என்பதை டிபன் கடையில் சொன்னால் செட் தோசை. சொன்னது ஒரே சொல், கேட்டவர் வேறு. என்ன செய்வது என்பதைக் கேட்டவர்தான் முடிவு செய்கிறார். சொன்ன நீங்கள் "இது தட்டுவடைக் கடையாக இருந்தால் இப்படி, டிபன் கடையாக இருந்தால் அப்படி" என்று யோசிக்கவே இல்லை, கவனித்தீர்களா?

ஸ்மால்டாக்கில் ட்ரூ (உண்மை), ஃபால்ஸ் (பொய்) இரண்டும் இரண்டு கடைக்காரர்கள். "மார்க் >= 35 இஃப்ட்ரூ: [பாஸ் என்று காட்டு]" என்று எழுதுகிறீர்கள். ">= 35" முதலில் ஓடி ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்ற ஆப்ஜெக்டைத் தருகிறது. அதற்கு இஃப்ட்ரூ: என்ற மெசேஜ் போகிறது. கூடவே, சதுர அடைப்புக்குள் கட்டிய வேலைப் பொட்டலம் ஒன்று. அதற்குப் பெயர் பிளாக். ட்ரூ பொட்டலத்தைப் பிரித்து ஓட்டும். ஃபால்ஸ் வாங்கிச் சும்மா வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் இஃப். ஃபார் கேட்டீர்களே, அதுவும் இப்படித்தான். 10 என்ற எண்ணிடமே "டைம்ஸ்ரிப்பீட்:" என்று சொல்லிப் பொட்டலத்தைக் கொடுங்கள், பத்து தடவை ஓட்டும். வேகத்துக்காக, நீங்கள் எழுதியதை இயந்திரத்துக்கு மாற்றித் தரும் கம்பைலர் இதையெல்லாம் உள்ளுக்குள் சுருக்கிக்கொள்ளும். ஆனால் எழுதும்போது நீங்கள் மெசேஜ் என்றே நினையுங்கள்.

சரி, முடிவெட்டும் கடையில் போய் "ஒரு செட்" என்றால்? அவர் முழிப்பார். இங்கேயும் அதே. புரியாத மெசேஜ் வந்தால், பிழை பார்க்கும் ஜன்னலான டீபக்கர் திறக்கும். பயந்து மூடிவிடாதீர்கள். இல்லாத அந்த மெத்தடை, அதாவது அந்த மெசேஜ் வந்தால் என்ன செய்வது என்ற குறிப்பை, அங்கேயே எழுதி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நான் பாதி புரோகிராமை டீபக்கருக்குள்தான் எழுதுவேன்.

இது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. 1970-களில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடெல் கோல்ட்பர்க் எல்லாம் சேர்ந்து செய்தது. கே உயிரியலும் படித்தவர். உடம்பின் செல்கள் தனித்தனியாக இருந்து ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதுபோல புரோகிராம் இருக்கலாமே என்று யோசித்தார். 2003-இல் அவருக்குக் கணினித் துறையின் உயரிய டூரிங் விருது கிடைத்தது. நீங்கள் இறக்கிய ஃபேரோ 2008-இல் ஸ்குவீக் என்ற இன்னொரு ஸ்மால்டாக்கிலிருந்து பிரிந்து வந்த இலவச வடிவம்.

இன்னொன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாட்டிக்கொள்வீர்கள். ஜாவா போல ஃபைல் ஃபைலாகத் தேடாதீர்கள். உங்கள் தெருவில் தறி பார்த்திருப்பீர்கள். ராத்திரி நிறுத்திவிட்டுப் போனால், பாதி நெய்த சேலை பாவோடு அப்படியே இருக்கும். காலையில் அந்த இழையிலிருந்து தொடருவார்கள். ஃபேரோவில், உங்கள் மெத்தட், ஆப்ஜெக்ட் எல்லாம் மொத்தமாக இருக்கும் இமேஜ் என்பது அந்தத் தறி. திறந்திருந்த ஜன்னல்கூட அதே இடத்தில் இருக்கும். ஆனால் சேவ் செய்ய வேண்டும். ஆரம்பத்தில் ஒரு நாள் நான் சேவ் செய்யாமலே உட்கார்ந்திருந்தேன், கரண்ட் போய்விட்டது. மூன்று மணி நேர வேலை. நல்லவேளையாக, ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு மெத்தடையும் சேஞ்சஸ் என்ற ஃபைலில் அது தானாகக் குறித்து வைக்கிறது. மெத்தட்கள் எல்லாம் திரும்பி வந்தன. உருவாக்கி வைத்திருந்த ஆப்ஜெக்ட்கள் போனது போனதுதான்.

இன்றைக்கு உங்களுக்கு ஒரே வேலை. ஃபேரோவில் எழுதிப் பார்க்கும் ஜன்னலான ப்ளேகிரவுண்டைத் திறந்து "100 ஃபாக்டோரியல்" போட்டுப் பாருங்கள், 158 இலக்கம் வரும். ஜாவாவின் இன்ட் 13 ஃபாக்டோரியலிலேயே கொள்ளாமல் வழிந்துவிடும். அப்புறம் 3-இடம் "கிளாஸ்", அதாவது நீ எந்த வகை, என்று கேளுங்கள். வந்த பதிலிடமும் "கிளாஸ்" என்று கேளுங்கள். அதனிடமும். ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது வளைவு முடிந்தால் ஏரி வந்துவிடும். இங்கே மேலே போய்க்கொண்டே இருந்தால் ஓரிடத்தில் வந்த பதிலே மறுபடி வரும். எத்தனையாவது கேள்வியில் என்று எண்ணி எழுதி அனுப்புங்கள் தம்பி, அடுத்த வாரம் அங்கிருந்து பேசுவோம்.