நெறி கட்டியதெல்லாம் புற்றல்ல

நேயர்களுக்கு வணக்கம். காலில் முள் ஏறிச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். வீட்டுப் பெரியவர்கள் ஒத்தடம் கொடுப்பார்கள். புண் ஆறியதும் நெறியும் கரைந்துவிடும். அந்த நெறியைத்தான் நாங்கள் நிணநீர்க் கணு என்கிறோம். உடலெங்கும் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. உள்ளே வருகிற கிருமியோடு மல்லுக்கட்டும்போது அது வீங்கும். வீங்குவது அதன் தொழில்.

இதிலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. மலக்குடல் புற்றுநோய்க்கு எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டவர்கள் அறிக்கையோடு வந்தால், விரலை நேரே ஒரு வரியில் வைப்பார்கள்: “கணு, 6 மில்லிமீட்டர்.” அடுத்த கேள்வி, “அப்படியானால் பரவிவிட்டதா, டாக்டர்?”

6 என்ற எண் மட்டும் அதைச் சொல்லாது. மலக்குடலைச் சுற்றியுள்ள கணுக்களில், 5 மில்லிமீட்டரைக்கூட எட்டாத பொடிக் கணுவிலும் புற்றணுக்கள் ஒளிந்திருப்பதுண்டு. கொழுகொழுவென்று வீங்கிய கணு வெறும் அழற்சியாகவும் இருக்கும். பிரிட்டனில் ஜினா பிரௌன் தலைமையிலான குழு, ஸ்கேனில் தெரிந்த கணுக்களை அறுவைக்குப்பின் நுண்ணோக்கியில் பார்த்த கணுக்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, 2003-இல் முடிவை வெளியிட்டது. அளவைவிட விளிம்பும் உள்நிறமும்தான் நம்பத்தக்க சாட்சிகள் என்று தெரிந்தது. விளிம்பு பிசிறடித்திருக்கிறதா? உள்ளே ஒரே சாம்பல் நிறமா, திட்டுத்திட்டாகவா?

ஐரோப்பிய வல்லுநர்கள் வகுத்த வழிகாட்டுதலும் அளவையும் தோற்றத்தையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. குறுக்களவு 9 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் சந்தேகத்துக்குரியது. 5 முதல் 8 வரை என்றால், உருண்டை வடிவம், பிசிறு விளிம்பு, திட்டு நிறம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். 5-க்குக் கீழே என்றால் மூன்றுமே வேண்டும். ஆக, நீள்வட்டமாய், வழவழப்பாய், ஒரே நிறமாய் இருக்கிற 6 மில்லிமீட்டர் கணுவுக்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. இவ்வளவு பார்த்தும் நாங்கள் தவறுவதுண்டு, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எப்படி இருக்கிறது என்பதோடு, எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்புப் பொதி, அதன்மேல் மெல்லிய உறை. இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகர அறுவை மருத்துவர் பில் ஹீல்ட், அந்தப் பொதியை உறை கிழியாமல் முழுசாக எடுக்க வேண்டும் என்று 1982-இல் எழுதினார். அதுவரை இடுப்புக்குள் நோய் திரும்பத் திரும்ப முளைத்ததற்குப் பெரிய காரணம், பொதியின் துணுக்குகள் உள்ளே தங்கியதே. பொதிக்குள் இருக்கும் கணுக்கள் பொதியோடே வெளியே வந்துவிடும். அதனால் நான் கணுவை எண்ணுவதற்கு முன், கட்டி அந்த உறையிலிருந்து 1 மில்லிமீட்டராவது தள்ளி நிற்கிறதா, அருகிலுள்ள சிரைக்குள் நுழைந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

பொதிக்கு வெளியே, இடுப்பின் பக்கச் சுவரை ஒட்டி இரத்தக்குழாய்களோடு கிடக்கும் பக்கவாட்டுக் கணுக்களின் கதை வேறு. ஹீல்ட் முறையில் எவ்வளவு சுத்தமாக அறுத்தாலும் அவை உள்ளேயே இருக்கும். ஜப்பானிய மருத்துவர்கள் நெடுங்காலமாக அவற்றையும் அகற்றி வந்தார்கள். மேற்கத்தியர்கள் கதிர்வீச்சும் மருந்தும் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். 7 நாடுகளில் 12 மருத்துவமனைகளின் 1,216 நோயாளிகளை ஆராய்ந்த முடிவு 2019-இல் வந்தது. கட்டி மலக்குடலின் கீழ்ப்பகுதியில் இருந்து, பக்கவாட்டுக் கணு 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தவர்களில், கதிர்வீச்சும் வழக்கமான அறுவையும் மட்டும் பெற்றோருக்கு 5 ஆண்டுகளில் பக்கவாட்டில் நோய் திரும்பியது 19.5 சதவீதம். அந்தக் கணுக்களையும் அகற்றியவர்களுக்கு 5.7 சதவீதம். அளவை நம்பாதீர்கள் என்று சற்றுமுன் சொன்ன நானே, இந்த இடத்தில் அளவுகோலைக் கையில் எடுக்கிறேன்! ஆனால் எல்லோருக்கும் அறுத்துவிடலாம் என்று பொருளில்லை. அங்கே சிறுநீரையும் பாலுறவையும் ஆளும் நரம்புகள் ஓடுகின்றன. அந்த 2019 ஆய்வு, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனையும் அல்ல.

இன்னொன்று: கதிர்வீச்சு முடிந்து எடுக்கிற இரண்டாவது ஸ்கேனில் கணு எவ்வளவு சுருங்கியது என்பதை வைத்தே அடுத்த முடிவு. அதற்கு முதல் ஸ்கேன் வேண்டும். அந்தப் படங்களைப் பதிந்து கொடுத்த குறுந்தகட்டை (சி.டி.) தொலைத்துவிட்டு வருகிறவர்களே அதிகம். ஒருமுறை ஒரு பெரியவர் மஞ்சள் பையிலிருந்து, செய்தித்தாளில் சுற்றிய இரண்டு சி.டி.களை எடுத்து வைத்தார். “இது வைத்தியத்துக்கு முன்னே, இது பின்னே” என்று பேனாவால் எழுதியும் இருந்தார். அன்று எனக்குப் பாதி வேலை மிச்சம்.